வீட்டு பீடிங் வேலைக்குக் குறைந்த செலவில் ஏர் நெயில் கன் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளைவுட் அலமாரியின் விளிம்பை பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டை வைத்து மூடுவது, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே தெரியும் இடைவெளியை மரப்பட்டையால் மறைப்பது, ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தும் மெல்லிய பட்டைகளை அடிப்பது போன்ற வேலைகளைத் தாமே செய்ய முற்படும் ஒருவர் முதலில் திணறுவது ஆணி அடிக்கும் இடத்தில்தான். ஒரு கையால் பட்டையையும், அதே கையின் இரண்டு விரல்களால் ஹெட்லெஸ் ஆணியையும் பிடித்துக்கொண்டு மறு கையால் சுத்தியலை ஓங்கும்போது பட்டை நகர்ந்துவிடும், ஆணி வளையும், தவறிய அடி மரத்தின் மேல் பிறை வடிவில் ஒரு பள்ளத்தை விட்டுச் செல்லும். காற்றழுத்தத்தில் இயங்கும் நெயில் கன்னில் ஒரு கை பட்டையை அழுத்திப் பிடித்திருக்க, மறு கை விசையை இழுத்தவுடன் ஆணி தலை மறையும் அளவுக்கு உள்ளே போய்விடும். ஆணியைத் தனியாகப் பிடிக்கவும் வேண்டாம், பஞ்ச் வைத்துத் தட்டி இறக்கவும் வேண்டாம்.

கடைக்குப் போகும் புதியவர் பெரும்பாலும் கன்னை முதலில் பார்க்கிறார், அதில் போகும் ஆணியை அடுத்துக் கேட்கிறார், அதற்கு அழுத்தமான காற்றைத் தரும் கம்ப்ரசரைக் கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார். வரிசை இப்படி இருக்கக் கூடாது. செய்யப்போகும் வேலை ஆணியைத் தீர்மானிக்க வேண்டும், அந்த ஆணி கன்னைத் தீர்மானிக்க வேண்டும், பணத்தின் பெரும்பகுதியை கம்ப்ரசருக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். இந்த வரிசையில் போனால், சாதாரண வீட்டு வேலைக்கு விலை உயர்ந்த கன் தேவையே இல்லை என்பது தானாகத் தெரியவரும்.

முதல் படி: வேலையை எழுதிக்கொள்ளுதல்

வீட்டில் எங்கெங்கே பட்டை அடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டையின் கனம் எவ்வளவு, அது எந்த மரம், அதன் பின்னால் ஆணி போய் நிற்கப்போகும் பொருள் எது. இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

நெயில் கன் குறித்துக் கிடைக்கும் காணொளிகளில் பல, அமெரிக்க வீடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே சுவர் என்பது பெரும்பாலும் வரிசையாக நிறுத்திய மரச்சட்டங்களின் மேல் ஜிப்சம் பலகையை அறைந்தது. ஸ்கர்ட்டிங்கையோ கதவைச் சுற்றிய பட்டையையோ சுவரின் மேல் வைத்து அடித்தால், ஆணி ஜிப்சத்தைத் துளைத்துப் பின்னாலிருக்கும் மரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சுவர் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும். அதில் மெல்லிய பீடிங் ஆணியை அடித்தால் ஒன்று வளையும், அல்லது பூச்சைப் பொடியாக்கிக்கொண்டு பிடிப்பில்லாமல் நிற்கும். எனவே சுவரோடு சேர வேண்டிய பட்டைகளுக்கு, முதலில் சுவரில் துளையிட்டு, பிளக் இறக்கி, ஸ்க்ரூ போட்டு ஒரு ரீப்பரை, அதாவது ஒடுங்கிய மரச்சட்டத்தை, பொருத்திவிட்டு, அந்த ரீப்பரின் மேல்தான் நெயில் கன்னால் பட்டையை அடிக்க வேண்டும். கான்கிரீட்டிலேயே இறங்கக்கூடிய, கெட்டிப்படுத்திய எஃகு ஆணிகளைப் போடும் எஸ்டி64 என்ற கன் இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது கனமான வேறொரு கருவி. அதன் ஆணி 2 மி.மீ.க்கும் மேல் தடிப்பானது என்பதால் மெல்லிய பீடிங்கைப் பிளந்துவிடும். ரீப்பரைச் சுவரில் அறைவதற்கு அது பொருந்தும், பட்டைக்கு அல்ல.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கு, ரப்பர் மரம், பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆகியவற்றில் மெல்லிய ஆணி சிரமமின்றி இறங்கும். வேங்கை, படாக், பிள்ளமருது போன்ற கெட்டியான மரங்களில் அதே ஆணி பாதி வழியில் வளைந்து பக்கவாட்டில் வெளிவரக்கூடும். உங்கள் பட்டியலில் இத்தகைய மரம் இருந்தால் அதைத் தனியாக வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: ஆணியை முடிவு செய்தல்

காற்றில் இயங்கும் கன்களுக்கான ஆணிகள் ஒன்றோடொன்று பசையால் ஒட்டப்பட்டுப் பட்டியாக வருகின்றன. இவற்றின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடக்கூட ஆணி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 23 கேஜ் ஆணி ஏறத்தாழ 0.6 மி.மீ. தடிமன் கொண்ட தலையற்ற ஊசி. 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிமனும் சிறு தலையும் உடையது. 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிமன் கொண்டது. நம் கடைகளில் இந்த எண்களைவிட ஆணி வகையின் பெயர்தான் அதிகம் புழங்குகிறது. 18 கேஜ் ஆணிக்கு எஃப் வகை என்றும், 16 கேஜுக்கு டி வகை என்றும் சொல்வார்கள். எழுத்துக்குப் பின்னால் வரும் எண் மில்லிமீட்டரில் நீளத்தைக் குறிக்கும், எனவே எஃப்25 என்றால் 25 மி.மீ. நீளமுள்ள 18 கேஜ் ஆணி. கன்னின் பெயரில் அதே எண் வந்தால், அந்த கன்னில் போடக்கூடிய மிக நீளமான ஆணி அது என்று பொருள். எஃப்30 கன்னில் 10 முதல் 30 மி.மீ. வரை எந்த எஃப் ஆணியையும் போடலாம்.

வீட்டு பீடிங் வேலையில் பெரும்பகுதிக்கு 18 கேஜ்தான் சரியான தேர்வு. 23 கேஜ் ஊசி விடும் துளை கண்ணுக்கே தெரியாது என்றாலும், தலையில்லாததால் பட்டையை இழுத்துப் பிடிக்காது. மிக மெல்லிய அலங்காரப் பட்டைகளுக்கும், 45 பாகையில் வெட்டிச் சேர்க்கும் மூலைகளுக்கும் மட்டுமே அது ஏற்றது. 16 கேஜ் பிடிப்பு அதிகம், ஆனால் துளையும் பெரிது, ஒடுங்கிய பட்டை அதில் பிளந்துபோகும். 15 மி.மீ.க்கு மேற்பட்ட கனமுள்ள பட்டைகளும், நீங்கள் வட்டமிட்டு வைத்த கெட்டி மரங்களும் அதிகமாக இருந்தால் மட்டும் டி50 கன்னைப் பற்றி யோசியுங்கள். ஓரிரு இடங்களில்தான் கெட்டி மரம் வருகிறது என்றால், அங்கே மட்டும் டிரில்லில் மெல்லிய பிட்டைப் போட்டுத் துளையிட்டு, கையால் ஆணி அடித்துவிடுவது அந்த கன்னை வாங்குவதைவிட மலிவு.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. ஆணியின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பட்டைக்குப் பின்னால் இருக்கும் மரத்துக்குள் போக வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் பலகையின் முகத்தில் 9 மி.மீ. பட்டையை அடிப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. ஆணியைப் போட்டு, அதன் தலை பட்டைக்குள் 1 மி.மீ. புதைந்தால், முனை பிளைவுட்டுக்குள் 17 மி.மீ. ஆழத்தில் நிற்கும். மறுபக்கத்துக்கு இன்னும் 1 மி.மீ.தான் மிச்சம் என்றாலும் வெளியே வராது. அதே இடத்தில் கையில் இருக்கிறதே என்று 30 மி.மீ. ஆணியைப் போட்டால், அலமாரிக்குள் கைவிடும் இடத்தில் 4 மி.மீ. கூர்முனை நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சிறு கூட்டல் கழித்தலை உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் செய்தால், வாங்க வேண்டிய ஆணி நீளங்கள் இரண்டு அல்லது மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பட்டையை நிரந்தரமாகப் பிடித்துவைப்பது ஆணி என்று எண்ண வேண்டாம். அந்த வேலை ஃபெவிகால் போன்ற மரப்பசையுடையது, பசை காயும்வரை பட்டையை அசையாமல் வைத்திருப்பதே இந்த மெல்லிய ஆணியின் பொறுப்பு. தச்சர்கள் பலர் டி வகைக்குப் போகாமல் எஃப் ஆணியிலேயே காலம் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். சாதாரண எஃப் ஆணிகள் துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு. குளியலறைக் கதவு, வெளிப்புற ஜன்னல், கடலோர ஊர் வீடுகள் போன்ற ஈரம் படும் இடங்களில் அவை துருவேறி, பாலிஷின் மேல் கறையாக வெளிவரும். அங்கு மட்டும் எவர்சில்வர் ஆணியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அத்தகைய இடங்களுக்குச் சில பட்டிகள் போதும்.

மூன்றாம் படி: கன்னைப் பார்த்தல்

கடையில் ஒரே வடிவமைப்பில், வெவ்வேறு வண்ணங்களில், வெவ்வேறு பெயர்கள் பொறித்த எஃப்30 கன்கள் வரிசையாகத் தொங்கும். 2,000 ரூபாய்க்கு முன்பின்னாக விலை சொல்லப்படும் இவற்றின் அடிப்படை அமைப்பு ஒன்றே. விசையை இழுத்ததும் கைப்பிடிக்குள் தேங்கியிருக்கும் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டனோடு இணைந்த ஒரு தட்டையான எஃகு பிளேடு பட்டியின் முதல் ஆணியை வெட்டிப் பிரித்து மரத்துக்குள் அடித்துவிட்டு, திரும்பும் காற்றில் பழைய இடத்துக்கு வந்துவிடும். உராய்ந்து தேயும் பாகங்கள் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள், பிளேடு, பிஸ்டன் மோதி நிற்கும் ரப்பர் பம்பர் ஆகியவைதான். எனவே பெயரைக் காட்டிலும், இந்த மூன்றும் உதிரியாக அதே கடையில் கிடைக்கிறதா என்பதே மலிவு கன்னுக்கு முக்கியமான கேள்வி.

எஃப்30 போதுமா, எஃப்50 வேண்டுமா என்பதற்கு உங்கள் பட்டியலே பதில் சொல்லும். பட்டைகள் எல்லாம் 10 மி.மீ.க்குள் இருந்தால் எஃப்30 போதும். அது சிறியது, எடை குறைவு, அலமாரியின் உள்மூலைகளில் நுழையும். 12 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கனம் ஓர் இடத்திலாவது வந்தால் எஃப்50 வாங்கிவிடுவதே நல்லது, ஏனென்றால் அதுவும் 10 மி.மீ. ஆணியிலிருந்து எல்லாவற்றையும் போடும், விலை வித்தியாசமும் இரண்டாவது கன் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். மகிட்டா போன்ற பெரிய நிறுவனங்களின் 18 கேஜ் கன்கள் 50 மி.மீ. வரை போகக்கூடியவை. அவற்றின் சமநிலையும் ஆழக் கட்டுப்பாடும் கையில் எடுத்தாலே தெரியும். ஆனால் வருடத்தில் சில வார இறுதிகளில் மட்டும் பயன்படுத்தப்போகிறவருக்கு அந்தப் பணம் கம்ப்ரசரில்தான் பயன்படும்.

ஆணியும் போடும், ஸ்டேபிளும் போடும் என்று இரண்டு வேலைகளை ஒரே கன்னில் தரும் வகையையும் காட்டுவார்கள். பார்க்க லாபமாகத் தோன்றினாலும், ஸ்டேபிளின் அகலத்துக்கு ஏற்ப அதன் பிளேடு அகலமாக இருப்பதால், ஆணி அடிக்கும்போதும் அகலமான வடு விழும். பீடிங்கில் அழகு என்பதே அந்தத் துளை சிறிதாக இருப்பதுதான், எனவே இதை நான் பரிந்துரைப்பதில்லை. சோபாவுக்கு ரெக்சின் அடிக்க வேண்டும் என்றால் 1013ஜே என்ற ஸ்டேப்ளர் கன் தனியாகக் கிடைக்கிறது.

இனி, கன்னைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. ஆணி வெளிவரும் முனையான மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் விசை வேலை செய்யும் என்ற தொடு பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிக மலிவான சில கன்களில் இது கிடையாது. விசையைத் தொட்டால் காற்றிலேயே ஆணி பறக்கும் ஒரு கருவியைக் குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு, மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஈடாகாது. தொடு பூட்டு உள்ளவற்றிலும் இரண்டு வகை உண்டு. விசையை இழுத்துப் பிடித்தபடி மூக்கை மரத்தில் தட்டத்தட்ட ஆணி போய்க்கொண்டே இருப்பது ஒரு வகை, ஒவ்வோர் ஆணிக்கும் மூக்கை அழுத்தி, பிறகு விசையை இழுத்து, விட்டுவிட்டு மறுபடி இழுக்க வேண்டியது மற்றொரு வகை. புதியவருக்கு இரண்டாவதுதான் ஏற்றது, பீடிங் வேலைக்கு வேகமும் தேவையில்லை. அடுத்து, மூக்கின் நுனியில் ரப்பர் உறை இருந்தால் மரத்தில் வடு விழாது. ஆணிப் பட்டியை வைக்கும் மேகசினின் பக்கத்தில் மிச்ச ஆணி தெரியும் திறப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் ஆணி தீர்ந்த பிறகும் இந்த கன்கள் அடித்துக்கொண்டே இருக்கும், பிளேடு மட்டும் பட்டையில் பள்ளம் போடும். ஆணி சிக்கிக்கொண்டால் முன்பக்கத் தகட்டைக் கையால் திறக்க முடிகிறதா, ஆலன் கீ தேவைப்படுகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கீ பெட்டிக்குள் இருக்கட்டும்.

காற்று இணைத்துக் காட்டாமல் கன்னை வாங்காதீர்கள். ஹோஸைப் பொருத்தியதும் கடைச் சத்தத்தைத் தாண்டிக் காதை அருகே வைத்துக் கேளுங்கள். விசையின் அடியிலோ மேல்மூடியின் இணைப்பிலோ தொடர்ந்து சீறல் கேட்டால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பலகைத் துண்டில் பத்துப் பதினைந்து ஆணிகளை அடுத்தடுத்து அடித்து, தலைகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எல்லாமே ஒரே ஆழத்தில் இருந்தால் நல்ல கன். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று இருந்தால் பிஸ்டன் சீராகத் திரும்பவில்லை என்று பொருள்.

நான்காம் படி: கம்ப்ரசர்

கன் வாங்குவதில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவிடுங்கள். சிறிய கம்ப்ரசர்கூட கன்னைப்போலப் பல மடங்கு விலையாகும், பத்து வருடம் வீட்டில் இருக்கப்போவதும் அதுதான். கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறிய 12 வோல்ட் பம்ப், பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகில் 100க்கு மேல் காட்டுகிறதே, அது போதாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. போதாது, அதில் காற்றைத் தேக்கிவைக்கும் தொட்டி இல்லை. நெயில் கன் கேட்பது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு வீச்சுக் காற்று, அதைத் தொட்டி மட்டுமே தர முடியும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 24 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து 5 பாருக்கு (பார் என்பதும் ஓர் அழுத்த அலகு) இறங்கும்போது வெளியேறும் காற்று, சாதாரண வளிமண்டல அளவில் 24 பெருக்கல் 3, அதாவது 72 லிட்டர். 18 கேஜ் கன் ஓர் ஆணிக்குச் செலவிடும் காற்று அதே அளவில் ஒரு லிட்டருக்குள்தான் இருக்கும். எனவே மோட்டார் ஓடாமலேயே எழுபது ஆணிக்குக் குறையாமல் அடிக்கலாம். ஓர் அலமாரியின் பீடிங் முழுவதற்கும் இது அநேகமாகப் போதும். அதனால் பீடிங் வேலைக்கு 24 அல்லது 25 லிட்டர் தொட்டியும் முக்கால் முதல் ஒரு குதிரைத்திறன் வரை மோட்டாரும் கொண்ட கம்ப்ரசர் தாராளம். பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கவும் அதையே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் 50 லிட்டருக்குப் போங்கள், ஏனெனில் ஸ்ப்ரே கன் இடைவிடாமல் காற்றை உறிஞ்சும்.

அழுத்தத்தைக் குறிக்க மூன்று அலகுகள் புழக்கத்தில் இருப்பது புதியவரைக் குழப்பும். கன்னின் மேல் பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும், கம்ப்ரசரில் பார் என்றிருக்கும், மெக்கானிக் ஆறு கிலோ வையுங்கள் என்பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. மெக்கானிக் சொல்லும் ஒரு கிலோ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ. 18 கேஜ் கன்கள் பொதுவாக 60 முதல் 100 பிஎஸ்ஐ வரை வேலை செய்யும், எனவே நான்கிலிருந்து ஏழு பார். கன்னின் மேல் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது.

எண்ணெய் ஊற்றி ஓட்டும் வகையா, எண்ணெயில்லாத வகையா என்று கேட்டால், வீட்டுக்கு எண்ணெயில்லாததே வசதி. பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்க வேண்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், சத்தம் குறைந்தது என்று விற்கப்படும் எண்ணெயில்லாத வகையைக் கேளுங்கள், ஆனால் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி உங்கள் காதாலேயே முடிவு செய்யுங்கள். சாய்க்காமல் எடுத்துச் செல்ல வேண்டுமே என்ற கவலையும் இதில் இல்லை. பழுது பார்க்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். 1960இல் தொடங்கப்பட்ட எல்ஜி (ELGi) என்ற கம்ப்ரசர் நிறுவனம் இருக்கும் கோயம்புத்தூரில் கம்ப்ரசருக்கு மெக்கானிக் தேட வேண்டியதில்லை, சிறிய ஊர்களில் இணையத்தில் வாங்கிய கம்ப்ரசருக்கு வால்வுத் தகடு தேடி அலைய நேரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும் நொடியில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மாலையில் வோல்டேஜ் குறையும் பகுதிகளில், அல்லது மெல்லிய வயருள்ள நீண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்று சூடாகும். ஃப்ரிட்ஜ், ஏசி போன்றவற்றுக்கான பெரிய பிளக் பாயின்ட்டில் நேரடியாகச் செருகி, தொலைவுக்கு மின் வயரை நீட்டுவதற்குப் பதிலாகக் காற்று ஹோஸை நீட்டுங்கள்.

ஐந்தாம் படி: இடையில் வரும் சில்லறைச் சாமான்கள்

ஹோஸுக்கு 8 மி.மீ. பியூ (பாலியூரிதேன்) டியூப் பத்து மீட்டர் இருந்தால் ஓர் அறைக்குப் போதும். அது லேசானது, பட்டையை இழுத்துக் கீழே தள்ளாது. கேஸ் அடுப்பு டியூப், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் போன்றவற்றை ஒருபோதும் மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். மரையுள்ள இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றி, அழுத்தம் ஏற்றிய பின் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் கசிவு குமிழாகத் தெரிந்துவிடும்.

கழற்றி மாட்டும் விரைவு இணைப்பியில், கடைக்காரர்களும் சில சமயம் கவனிக்காத ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கிறது. இந்த இணைப்பியின் ஒரு பாதியில் வால்வு உண்டு, மறு பாதி வெறும் துளையுள்ள குச்சி. வால்வுள்ள பாதி ஹோஸின் முனையிலும், குச்சி கன்னிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஹோஸைக் கழற்றியவுடன் கன்னுக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும். மாற்றிப் பொருத்தினால், ஹோஸைக் கழற்றிய பிறகும் காற்று கன்னுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், சிக்கிய ஆணியை எடுக்க மூக்கைத் திறக்கும்போது அது அடித்துவிடக்கூடும்.

தொட்டிக்கும் ஹோஸுக்கும் இடையே ஈரத்தைப் பிரிக்கும் ஒரு சிறு ஃபில்டருடன் கூடிய ரெகுலேட்டரைப் பொருத்துவது நல்லது. கம்ப்ரசரோடு வரும் ரெகுலேட்டர் அழுத்தத்தை மட்டும்தான் குறைக்கும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கம்ப்ரசர் இல்லாதபோது ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து கன்னை இயக்கலாமா என்று யோசிப்பதுண்டு. கூடவே கூடாது. கன்னுக்குள் இருக்கும் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் கையிலேயே வெடிக்கும். வேறு எந்த கேஸ் சிலிண்டரையும் இணைக்கக் கூடாது.

ஆறாம் படி: முதல் பட்டை

கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பார்வைக் கண்ணாடி அல்ல, பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. நிஜப் பட்டையில் கை வைப்பதற்கு முன், அதே மரத்தின் மிச்சத் துண்டை அதே பலகையின் மேல் வைத்து 60 பிஎஸ்ஐயில் ஓர் ஆணி அடியுங்கள். தலை வெளியே நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றி, தலை பட்டைக்குள் 1 மி.மீ. அளவுக்குப் புதையும் இடத்தில் ரெகுலேட்டரை நிறுத்துங்கள். கன்னில் ஆழத் திருகு இருந்தால் அழுத்தத்தைச் சற்று அதிகமாகவே வைத்துத் திருகால் சரிசெய்யலாம். எம்டிஎஃப்புக்கு வைத்த அழுத்தம் தேக்குக்குப் போதாது என்பதால், மரம் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பட்டையின் பின்புறம் மெல்லியதாகப் பசை தடவி, இடத்தில் வைத்து அழுத்தி, ஒரு முனையிலிருந்து தொடங்குங்கள். முனையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி முதல் ஆணி, பிறகு 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொன்று. வளைந்த பட்டையை நேராக்க வேண்டிய இடத்தில் நெருக்கமாக அடிக்கலாம். பட்டையில் பள்ளக் கோடு கடைந்திருந்தால் ஆணி அந்தக் கோட்டிலேயே விழட்டும், துளை நிழலோடு மறைந்துவிடும். கன்னை மரத்துக்குச் செங்குத்தாக வைத்து, அடிக்கும் நொடியில் பின்னுக்குத் துள்ளுவதைக் கை தடுக்கும்படி உறுதியாக அழுத்துங்கள். துள்ளவிட்டால் தலை வெளியே நிற்கும், பக்கத்தில் பிளேடின் வடு இரண்டாவது துளையாக விழும். ஆணி மரத்தின் ரேகையையோ ஒரு முடிச்சையோ சந்தித்தால் திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வரக்கூடும் என்பதால், பட்டையைப் பிடித்திருக்கும் கை மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்திலாவது இருக்க வேண்டும். ஒடுங்கிய விளிம்புகளில் வேலை செய்யும்போது இதை மறப்பது எளிது. கண்ணாடிப் பட்டை அடிக்கும்போது கன்னைக் கண்ணாடியின் பக்கம் சாய்க்காமல், மூக்கை மரத்தோடு ஒட்டி, 15 மி.மீ. ஆணியும் குறைந்த அழுத்தமும் வைத்துச் செய்யுங்கள்.

ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பிறகுதான் மூக்கைத் திறக்க வேண்டும். ஏணியில் ஏறும்போதும், கன்னை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதும் இதே விதி. துளைகளை, பாலிஷ் அடிக்கும் மரமானால் அதே நிறமுள்ள வுட் ஃபில்லராலும், பெயின்ட் அடிப்பதானால் புட்டியாலும் நிரப்பி, காய்ந்த பின் உப்புத்தாள் தேய்த்தால் வேலை முடிந்தது.

பராமரிப்பு

ஒவ்வொரு நாள் வேலை தொடங்கும் முன்பும் காற்று நுழையும் துளையில் ஏர் டூல் ஆயில் மூன்று நான்கு சொட்டு விடுங்கள். எஞ்சின் ஆயிலும், துரு நீக்கும் ஸ்ப்ரேயும் ஓ-ரிங்குக்கு ஆகாது. வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் ஒரு பிற்பகல் வேலைக்கே பழுப்பு நிறத் தண்ணீர் கணிசமாக வழியும். அதை விட்டுவைத்தால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்துவரும், அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரத்துக்கு அது ஆபத்து. மிச்ச ஆணிப் பட்டிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டுத் துருவேறிய பட்டி உடைந்து உடைந்து வரும், மேகசினில் சிக்கும். 5,000 ஆணி கொண்ட பெட்டி வீட்டுத் தேவைக்குப் பல வருடங்கள் வரும் என்பதால், இரண்டு நீளங்களைச் சிறு அளவில் சில்லறையாகத் தரும் கடையில் வாங்குவதே மேல்.

நாளடைவில் கன் அடி குறைந்து, அதே அழுத்தத்தில் தலை வெளியே நிற்கத் தொடங்கினால், கம்ப்ரசரைச் சந்தேகிப்பதற்கு முன் ஓ-ரிங்குகளைப் பாருங்கள். மேல்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் பிஸ்டன் வெளியே வரும், தேய்ந்த வளையத்தை மாற்றிப் புதியதில் எண்ணெய் தடவிப் போட்டுவிடலாம். கன் வாங்கும் அன்றே அதற்குரிய ஓ-ரிங் தொகுப்பையும் ஓர் உதிரி பிளேடையும் சேர்த்து வாங்கி, பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதே மாடல் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.